மூச்சை விடுங்க

நாளொன்றுக்கு எழுபது நெஞ்சுகளைப் படமெடுக்கிறேன்,
சயானில், எக்ஸ்ரே அறையில்.
தாடையைத் தூக்கு. தோளை முன்னால் தள்ளு.
சாஸ் ரோக்கோ.
தமிழ் முகமாகத் தெரிந்தால், மூச்சைப் பிடிங்க.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
பொத்தானை அழுத்தும்போது
நானும் பிடித்துக்கொள்கிறேன் என்பது
பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

கண்டுபிடித்தவள் பிரிசில்லா, என் நாத்தனார்,
மஸ்கட் போகும் வழியில்
எங்கள் ஒற்றை அறையில் நான்கு நாள் தங்கியவள்.

மார்ச் ஞாயிறு. ஓத நேரம் பார்த்து
ஜிடிபி நகரில் ரயிலேறி
சிவ்ரியில் இறங்கி, லாரிகளுக்கிடையில் நடந்து
ஜெட்டிக்குப் போனோம்.
பூநாரைகள் வெகுதூரத்தில் இருந்தன,
எண்ணெய்த் தொட்டிகளுக்கும் கடல் பாலத்துக்கும் நடுவே
சேற்றில் யாரோ கைதவறிக் கொட்டிய ரோஸ் மில்க் மாதிரி.

எடுக்கத் தொடங்கினேன்.
பெரிதாக்கினால் புள்ளி.
புள்ளியைப் பெரிதாக்கினால் பெரிய புள்ளி.
சபைப் பெண்கள் குழுவில் எதைப் போடலாம்,
கீழே என்ன வசனம் எழுதலாம்,
அதற்கு யார் யார் என்ன சொல்வார்கள்,
எல்லாம் மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது.
பிரிசில்லா கடலை தின்றபடி ஏதேதோ சொன்னாள்.
நான் ம் போட்டேன்.

"மைனி, நீங்க ஏன் மூச்சே விடாம நிக்கிய?"

அதற்கும் ம்.

"மைனி, அதுக்கு முட்டு பின்னாலல்லா மடங்குது!"

அறுபத்துமூன்று படம் எடுத்திருந்தேன்,
முட்டைப் பார்க்கவில்லை.
போனைத் தாழ்த்தினேன். பார்த்தேன்.
ஒற்றைக் காலில் ஒன்று,
மடக்கிய மற்றதை மெல்ல இறக்கிச் சேற்றில் வைத்தது.
"அது முட்டு இல்ல பிள்ளே, கணுக்கால்.
முட்டு மேல, சிறகுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு.
அது எந்நேரமும் நுனிவிரல்லதான் நிக்குது."
கதிரும் தகடும் இல்லாமல்
ஓர் எலும்பை நான் படித்தது அதுதான் முதல் தடவை.

அவள் செருப்பைக் கழற்றிப்போட்டு
நுனிவிரலில் நான்கடி நடந்து காட்டினாள்.
லாரிக்காரர் ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுக்க மறந்தார்.

படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.
என் கொழுந்தன் நெஞ்சில்
கடுகளவு நிழலைக் காட்டியது ஒரு படம்தான்.
அவன் இன்று பாண்டூப்பில்
ஹார்ன் அடித்துக்கொண்டு திரிகிறான்.

தண்ணீர் ஏற ஏற அவை கரைக்கு நெருங்கின.
இத்தனை இரைச்சல் போடும் என்று
எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.
மண்ணெண்ணெய் தீர்ந்துபோன நாளின்
ரேஷன் கடை வாசல்.
ஏதோ கப்பல் ஊதியது.
மொத்தமாய் எழுந்தன.
சிறகுக்கு அடியில் கறுப்பு!
வெளுத்த ரோஜாவுக்குள் இத்தனை கறுப்பா?
கை பழக்கத்தில் உயர்ந்து, பாதியில் நின்றது.
எடுக்கவா, வேண்டாமா
என்று யோசித்து முடிப்பதற்குள்
பாதிக் கூட்டம் பாலத்தைத் தாண்டிவிட்டது.
மீதிப் பாதியைத்தான் பார்த்தேன்.
பொய் சொல்லக் கூடாது, பாதிதான்.

திங்கட்கிழமை முதல் நெஞ்சு
கோவண்டியிலிருந்து வந்த ஒரு பையனுடையது.
சாஸ் ரோக்கோ. அழுத்தினேன். சோடோ.
அவன் விட்டான்.
கொஞ்சம் தாமதமாக நானும்.

அறுபத்துமூன்றும் போனில் அப்படியே கிடக்கின்றன,
அழிக்கவுமில்லை, திறக்கவுமில்லை.
மஸ்கட்டிலிருந்து பிரிசில்லா ஒன்று அனுப்பியிருக்கிறாள்,
எப்போது எடுத்தாளோ.
ஓரத்தில் அவள் கட்டைவிரல்.
பறவை ஒன்றுகூட இல்லை.
அண்ணாந்து நிற்கிறேன்,
வாய் திறந்திருக்கிறது,
மேல்பல்லில் ஒட்டியிருக்கிறது
கடலைத் தோல்.